போன் ரிங்டோனை பழைய சையான்ல அலாரமா போடுறது எப்படி

பழைய சையான் பாக்கெட் கம்ப்யூட்டர்ல சீரீஸ் 3ஏ, 3சி, 3எம்எக்ஸ், இல்லன்னா சீரீஸ் 5 இதுல ஏதாவது ஒண்ணு கைல இருந்து, அதுல வர்ற அந்த ரெண்டு மூணு ஸ்டாக் அலாரம் சத்தமே கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுன்னா இது உங்களுக்குத்தான். போன்ல இருக்கற ரிங்டோனை எடுத்து அந்த மெஷினுக்குப் புரியற ஃபார்மட்டுக்கு மாத்தி உள்ள தள்ளணும், அவ்ளோதான் வேலை. ஃபார்மட் மாத்தறது ஒரே ஒரு கமாண்ட்ல முடிஞ்சிரும், அதுல பெருசா ஒண்ணும் இல்ல. எந்த ரிங்டோனை எடுக்கறோம், எந்த அஞ்சு செகண்டை வெட்டறோம், வெட்டுனத எப்படி தயார் பண்றோம், இதுலதான் முக்காவாசி வெற்றி தோல்வி இருக்கு. நெறைய பேர் எம்பித்ரியை அப்படியே மாத்திட்டு "ஐயோ தகர டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி இருக்கே"ன்னு மெஷினைத் திட்டுவாங்க, மெஷின் மேல தப்பே இருக்காது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. சையான் லண்டன் கம்பெனி, டேவிட் பாட்டர் 1980ல ஆரம்பிச்சது. சீரீஸ் 3 வந்தது 1991, 3ஏ வந்தது 1993, மைக் வெச்சு குரல் ரெக்கார்ட் பண்ற வசதி அந்த 3ஏல இருந்துதான். சீரீஸ் 5 1997. அதுல ஓடுன இபாக் ஓஎஸ்தான் 1998ல சிம்பியன்னு தனிக் கம்பெனியாகி அப்புறம் நோக்கியா போன்ல எல்லாம் போய் உக்காந்துச்சு. அதனால போன் ரிங்டோனை சையானுக்குக் கொண்டு போறது ஒரு வகைல பேரனைத் தாத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற வேலைதான்.

சரி, ஃபார்மட். 3ஏ, 3சி, 3எம்எக்ஸ் மூணுக்கும் டபிள்யூவிஈ ஃபைல் வேணும். பேரைப் பாத்து சாதா வேவ் ஃபைல்னு நெனச்சிராதீங்க, அது வேற இது வேற. ஆரம்பத்துல 32 பைட்ல ஒரு ஹெடர் (இது என்ன ஃபைல்னு சொல்ற தலைப்பு), அதுக்கப்புறம் வெறும் ஏ-லா டேட்டா (சத்தத்தைச் சுருக்கி எழுதற ஒரு முறை), மோனோ, அதாவது ஒரே சேனல், செகண்டுக்கு 8000 சாம்பிள் (சத்தத்தை அளந்து எடுத்த புள்ளி), சாம்பிளுக்கு ஒரு பைட். முடிஞ்சுது. இந்த ஏ-லா நமக்குப் புதுசு இல்ல, ஜி.711ன்னு டெலிபோன் ஸ்டாண்டர்ட்ல இருக்கே அதேதான், ஐரோப்பாவுலயும் இந்தியாவுலயும் லேண்ட்லைன் டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் பேசுறது இதுல. அமெரிக்கா, ஜப்பான் மட்டும் மியூ-லான்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, மாத்தி எடுத்திராதீங்க, அத ஏ-லான்னு நெனச்சு ப்ளே பண்ணா ஓவரா கரகரன்னு இருக்கும்.

கணக்கு ஈஸி. ஒரு செகண்டுக்கு 8000 பைட். பத்து செகண்ட் ரிங்டோன்னா 80,000 பைட். இன்னைக்கு இது ஒண்ணுமே இல்ல, ஆனா 256 கேபி, 512 கேபி ரேம் வெச்ச 3ஏல இது பெரிய இடம், அதே ரேம்லதான் உங்க டைரி, டாக்குமெண்ட் எல்லாம் உக்காந்திருக்கு. அதனால அஞ்சு ஆறு செகண்டுக்கு மேல போகாதீங்க. அலாரத்துக்கு அது தாராளம், அதுக்குள்ள எழுந்திரிக்காதவன் முழுப் பாட்டு போட்டாலும் எழுந்திரிக்க மாட்டான்.

இன்னொரு விஷயம், அந்த ஹெடர்ல சாம்பிள் ரேட் எழுதறதுக்கு இடமே கெடையாது. 8000னு மெஷினே முடிவு பண்ணி வெச்சிருக்கு. அதனால நீங்க 44,100ல இருக்கற டேட்டாவை அப்படியே அந்த ஹெடருக்குக் கீழ கொட்டுனா மெஷின் அதையும் 8000ல தான் ஓட்டும், அஞ்சரை மடங்கு ஸ்லோவா, பூதம் கொட்டாவி விட்ட மாதிரி ஒண்ணு வரும். அப்படி ஒரு சத்தம் வந்தா வேற எங்கயும் தேட வேணாம், ரேட் மாத்த விட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

எது பொழைக்கும், எது சாகும்

செகண்டுக்கு 8000 சாம்பிள்னா 4000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற எதுவும் உள்ளயே வராது. ஜால்ரா, ஹை-ஹாட், "ஸ்ஸ்"ன்னு வர்ற எழுத்து ஓசை, எல்லாம் காலி. கீழ்ப்பக்கம் வேற பிரச்சனை. மெஷின் ஸ்பீக்கர் காசு அளவுதான், பேஸ் கிட்டார், தவில் தொப்பி, கிக் டிரம் எதையும் அதால அசைக்க முடியாது. ஆனா ஃபைல்ல அந்த பேஸ் இருந்துட்டேதான் இருக்கும், லெவலை முழுக்க அதுவே அடைச்சுக்கும், காதுல கேக்கற பகுதிக்கு மிச்சம் கொஞ்சம்தான். கேக்காத சத்தத்துக்கு வால்யூமைத் தூக்கிக் குடுத்துட்டு கேக்கற சத்தம் சின்னதா இருக்கேன்னு பொலம்பறதுல என்ன இருக்கு. அதனால 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கறத மொதல்ல வெட்டி எறிஞ்சிரணும், இது முக்கியமான ஸ்டெப்.

ஆக நடுவுல 300ல இருந்து ஒரு 3500 வரைக்கும் மெலடி ஓடுற ரிங்டோன்தான் நல்லா வரும். ஒத்தை வயலின், புல்லாங்குழல், கீபோர்ட் லைன், பியானோ, மணிச்சத்தம், நாதஸ்வரம் இதெல்லாம் சூப்பரா நிக்கும். பத்து ட்ராக் போட்டு நெரிச்ச சினிமா பாட்டு பல்லவி, அடி அடின்னு அடிக்கற குத்து, இதெல்லாம் கஞ்சி ஆயிரும். பாட்டே வேணும்னா பல்லவிய விட்டுட்டு இன்டர்லூட்ல ஒத்தை வாத்தியம் வர்ற எடத்தைத் தேடுங்க, அங்கதான் புதையல்.

மொதல்ல வேவ் ஆக்கிக்கோங்க

போன்ல இருந்து வர்ற ஃபைல் பல ரகம். எம்பித்ரி இருக்கும், ஆண்ட்ராய்டு கூடவே வர்ற ரிங்டோன் எல்லாம் ஓஜிஜியா இருக்கும், ஐபோன்ல எம்4ஆர், பழைய நோக்கியால ஏஎம்ஆர், மிடி. எது வந்தாலும் எஃப்எஃப்எம்பெக்ங்கற ஃப்ரீ கன்வெர்ட்டர்ல குடுத்து சாதா வேவ் ஃபைலா எடுத்து வெச்சுக்கோங்க, அதுக்கப்புறம் மத்ததெல்லாம் ஒரே வழி. எம்4ஆர்ங்கறது பேருதான் வேற, உள்ள இருக்கறது அதே ஏஏசி, எக்ஸ்டென்ஷனை எம்4ஏன்னு மாத்துனா பாதி சாஃப்ட்வேர் சண்டை போடாம தொறந்துரும். காசு குடுத்து வாங்குன ரிங்டோன் சிலது லாக் போட்டு இருக்கும், அது தொறக்காது, வேறத பாத்துக்கோங்க. ஏஎம்ஆர் மட்டும் ஒரு சௌகரியம், அது பெரும்பாலும் 8000ல தான் ரெக்கார்ட் ஆகியிருக்கும், டெலிபோன் குரல் ரேஞ்ச், அதனால புதுசா எதுவும் இழக்கப் போறதில்ல.

ஆண்ட்ராய்டு ஓஜிஜி எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க. அதுல நெறைய ஃபைல் லூப் ஆகறதுக்குன்னே பண்ணியிருப்பாங்க, உள்ள அதுக்குன்னு ஒரு டேக் கூட இருக்கும், முடிவு வந்ததும் ஆரம்பத்துக்குத் தாவிரும். சையானுக்கு அந்த டேக் எல்லாம் தெரியாது, அதனால முடிவுல சடார்னு வெட்டுன மாதிரி "டக்"குன்னு ஒரு சத்தம் வரும். கடைசில ஒரு சின்ன ஃபேட் அவுட் போட்டுட்டா தீர்ந்துது.

மிடி ஃபைல்ல சத்தம் இருக்காது, எந்த ஸ்வரம் எப்போன்னு குறிப்பு மட்டும்தான், அத டிமிடிட்டியோ ஃப்ளூயிட்சிந்தோ வெச்சு வேவ் ஆக்கலாம். ஆக்கறதுக்கு முன்னாடி பத்தாவது சேனலை ம்யூட் பண்ணிருங்க, டிரம்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கும், நம்ம ஸ்பீக்கர்ல அது வெறும் குப்பை. யமஹா சிப்புக்குன்னு வந்த எம்எம்எஃப் ஃபைல் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் கஷ்டம், அது ஓடுற போன்லயே ஓட்டி ஹெட்போன் ஜாக்ல இருந்து கம்ப்யூட்டருக்கு ரெக்கார்ட் பண்றதுதான் தலைவலி இல்லாத வழி.

சாக்ஸ் வெச்சு மாத்தறது

இந்த வேலைக்கு சாக்ஸ்னு ஒரு கமாண்ட் லைன் டூல் இருக்கு, ரொம்ப பழசு, ஃப்ரீ, லினக்ஸ்ல ரெப்போலயே கெடைக்கும், விண்டோஸுக்கும் இருக்கு. விண்டோஸ்ல போடறவங்களுக்கு அது எம்பித்ரியை நேரா தொறக்காம முரண்டு பிடிக்கலாம், அந்த டிஎல்எல் கூட வர்றதில்ல, அதுக்குத்தான் முன்னாடியே வேவ் ஆக்கிக்கோங்கன்னு சொன்னேன். சாக்ஸுக்கு டபிள்யூவிஈ எழுதத் தெரியும், அவுட்புட் ஃபைல் பேருக்குக் கடைசில அந்த எக்ஸ்டென்ஷன் குடுத்தா போதும், ஏ-லா, ஹெடர் எல்லாம் அதுவே பாத்துக்கும்.

கமாண்டோட வரிசை இப்படி: மொதல்ல சாக்ஸ், அப்புறம் உள்ள போற வேவ் ஃபைல் பேரு, அப்புறம் வெளிய வர்ற டபிள்யூவிஈ ஃபைல் பேரு, அதுக்கப்புறம் எஃபெக்ட்டுங்க வரிசையா. எஃபெக்ட் எல்லாம் அவுட்புட் பேருக்குப் பின்னாடிதான் வரணும், முன்னாடி போட்டா அதையும் ஒரு ஃபைல்னு நெனச்சு "அப்படி ஒரு ஃபைல் இல்ல"ன்னு சொல்லும். எஃபெக்ட் எந்த வரிசைல எழுதறோமோ அந்த வரிசைலயேதான் ஓடும், அதனால வரிசை முக்கியம்.

நான் போடற வரிசை இது. மொதல்ல ட்ரிம், பக்கத்துல ரெண்டு நம்பர், எந்த செகண்ட்ல ஆரம்பிக்கணும், எத்தன செகண்ட் வேணும். 12வது செகண்ட்ல இருந்து ஆறு செகண்ட்னா ட்ரிம் 12 6. அடுத்து ரீமிக்ஸ், பக்கத்துல ஒரு ஹைஃபன் மட்டும், இது ரெண்டு சேனலையும் கலந்து மோனோ ஆக்கிரும். சில பாட்டுல இப்படி கலக்கும்போது ஓரமா ஓடுற வாத்தியம் அடிபட்டுப் போகும், அப்படி ஆச்சுன்னா ஹைஃபனுக்குப் பதிலா 1னு போட்டா லெஃப்ட் சேனல் மட்டும் வரும், 2ன்னா ரைட், எது நல்லா இருக்கோ அத வெச்சுக்கோங்க. அடுத்து ரேட் 8000. அடுத்து ஹைபாஸ் 300. அதுக்கப்புறம் நார்ம் மைனஸ் 1, இது மொத்த லெவலையும் தூக்கி நிறுத்தும். ஹைபாஸுக்கு முன்னாடி நார்ம் போட்டா பேஸ் இருக்கும்போதே அளந்துரும், அப்புறம் பேஸை வெட்டுனதும் லெவல் கீழ எறங்கிரும், போட்டதே வேஸ்ட்.

இன்னும் சத்தம் வேணும்னா நார்முக்கு அடுத்து கெயின், ஹைஃபன் எல், 6. அந்த எல் போட்டா ஒரு லிமிட்டர் வேலை செய்யும், ஆறு டெசிபல் ஏத்தும் ஆனா உச்சத்துல கிளிப் ஆக விடாது. ஆறுக்கு மேல போகாதீங்க, சத்தம் ஏறாது, கொரகொரப்புதான் ஏறும். கடைசில ஃபேட், மூணு நம்பர்: 0 6 0.3. ஆரம்பத்துல ஃபேட் வேணாம், ஆறாவது செகண்ட்ல முடியணும், கடைசி 0.3 செகண்ட்ல மெதுவா எறங்கணும்னு அர்த்தம்.

மெஷினுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்லயே ஒரு தடவ கேட்டுருங்க, சாக்ஸ் கூடவே வர்ற ப்ளேங்கற கமாண்டுக்கு அந்த டபிள்யூவிஈயைக் குடுத்தா ஓட்டும். ஆனா ஹெட்போன்ல கேக்காதீங்க, லேப்டாப் ஸ்பீக்கர்ல கேளுங்க, அதுவும் வால்யூமைக் கொறச்சு. அங்கயும் ட்யூன் புரிஞ்சுதுன்னா சையான்லயும் புரியும்.

கமாண்ட் லைன் பாத்தாலே அலர்ஜின்னா ஆடாசிட்டி இருக்கு. மோனோ ஆக்கி, ஹைபாஸ் ஃபில்டர் போட்டு, நார்மலைஸ் பண்ணி, எக்ஸ்போர்ட்ல "அதர் அன்கம்ப்ரெஸ்ட்" எடுத்தா ஹெடர் லிஸ்ட்ல டபிள்யூவிஈ, பக்கத்துல சையான் சீரீஸ் 3ன்னே பேரு போட்டு இருக்கும், என்கோடிங் ஏ-லா. ரேட்டை 8000க்கு மாத்தறத மட்டும் மறந்துராதீங்க, மறந்தா என்ன ஆகும்னு மேல சொல்லியாச்சு, பூதம்.

பழைய மோனோ ரிங்டோன்தான் உண்மையான ஜாக்பாட்

இவ்ளோ நேரம் சொன்னது எல்லாம் பாட்டு ரிங்டோனுக்கு. ஆனா என்னக் கேட்டா இந்த மெஷினுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கறது பழைய நோக்கியா 3210, 3310 காலத்து "டிங் டிங்" ரிங்டோன்தான். ஒரு நேரத்துக்கு ஒரே ஸ்வரம், பேஸ் கெடையாது, டிரம்ஸ் கெடையாது, வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. அது ஆர்டிடிடிஎல்னு நோக்கியா கொண்டு வந்த ஒரு டெக்ஸ்ட் ஃபார்மட்ல எழுதியிருக்கும், சத்தமே இல்லாம வெறும் எழுத்து. அத சத்தமா மாத்தறத நாமளே பண்ணலாம், ரொம்ப சுலபம், செம ஜாலியா வேற இருக்கும்.

ஒரு ட்யூன்னா மூணு பகுதி, நடுவுல கோலன். மொதல்ல பேரு. ரெண்டாவது டீஃபால்ட் மூணு: ஸ்வரத்தோட நீளம், ஆக்டேவ் (ஸ்தாயி), டெம்போ (நிமிஷத்துக்கு எத்தன கால் நோட்டுன்னு வேகம்). எதுவும் குடுக்கலைன்னா நீளம் 4, ஆக்டேவ் 6, டெம்போ 63ன்னு எடுத்துக்கணும். மூணாவது பகுதில ஸ்வரங்க வரிசையா கமா போட்டு. ஸ்வரத்துக்கு முன்னாடி நம்பர் இருந்தா அது நீளம், பின்னாடி இருந்தா ஆக்டேவ். புள்ளி வெச்சா ஒண்ணரை மடங்கு. இடைவெளி விடறதுக்குன்னு ஒரு எழுத்து இருக்கு, அங்க மௌனம்.

நீளக் கணக்கு: 60ஐ டெம்போவால வகுத்தா கால் நோட்டோட, அதாவது நீளம் 4ன்னு போட்ட ஸ்வரத்தோட செகண்ட் வரும். டெம்போ 120ன்னா அரை செகண்ட். எட்டுன்னு போட்ட ஸ்வரம் அதுல பாதி, 0.25. பதினாறுன்னா 0.125. ரெண்டுன்னா ஒரு செகண்ட். அவ்ளோதான்.

சுருதிக் கணக்கு: ஆர்டிடிடிஎல்ல நாலாவது ஆக்டேவ்ல இருக்கற ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ். அங்க இருந்து எத்தன அரை ஸ்வரம் மேல இருக்குன்னு எண்ணுனா போதும், ஹெர்ட்ஸ் கூட கணக்குப் போட வேணாம், ஏன்னா சாக்ஸ்ல சிந்த்னு ஒரு எஃபெக்ட் இருக்கு, அதுல பர்சன்ட் குறி போட்டு நம்பர் குடுத்தா 440ல இருந்து அத்தன அரை ஸ்வரம் தள்ளி அதுவே வாசிக்கும். அஞ்சாவது ஆக்டேவ் சி 3, இ 7, ஜி 10, அடுத்த ஆக்டேவ் சி 15. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிஞ்சவங்க சி-யை சட்ஜமா வெச்சுக்கிட்டா ச, க, ப, மேல் ச, டக்குனு மனசுல ஓடிரும்.

இத வெச்சே ஒரு சின்ன அலாரம் பண்ணுவோம். டீஃபால்ட் நீளம் 8, ஆக்டேவ் 5, டெம்போ 120. ஸ்வரம்: சி, இ, ஜி, அப்புறம் நீளம் 4 போட்டு ஆறாவது ஆக்டேவ் சி. மொத மூணும் கால் கால் செகண்ட், கடைசி அரை செகண்ட், மொத்தம் 1.25 செகண்ட். சாக்ஸுக்கு இன்புட் ஃபைல் இல்லன்னு சொல்றதுக்கு ஹைஃபன் என், அப்புறம் ஒரு வேவ் பேரு, அப்புறம் சிந்த், 0.23, ஸ்கொயர், பர்சன்ட் 3, அப்புறம் பேட் 0 0.02. அதாவது 0.23 செகண்ட் ஸ்வரம், பின்னாடி 0.02 செகண்ட் மௌனம். இந்த மௌனத்தை விட்டுராதீங்க, இது இல்லன்னா ஒரே ஸ்வரம் ரெண்டு தடவ அடுத்தடுத்து வரும்போது ஒண்ணா ஒட்டி நீளமா ஒரே ஸ்வரமா கேக்கும், ட்யூனோட உயிரே போயிரும். நாலு ஸ்வரத்துக்கும் நாலு ஃபைல் பண்ணி, கடைசில நாலு பேரையும் வரிசையா எழுதி ஒரு அவுட்புட் பேரைக் குடுத்தா சாக்ஸ் அதை ஒட்டிரும். டபிள்யூவிஈ ஆக்கும்போது ஹெடர் சேர்த்து 10,032 பைட். பத்து கேபி கூட இல்ல, 256 கேபி மெஷின்லயும் தாராளமா ஒரு டஜன் வெச்சுக்கலாம்.

ஸ்கொயர் ஏன், சைன் ஏன் இல்லன்னு கேட்டா, ஸ்கொயர் அலைல மூணாவது, அஞ்சாவது, ஏழாவது ஹார்மோனிக் எல்லாம், அதாவது ஸ்வரத்தோட ஹெர்ட்ஸுக்கு மூணு, அஞ்சு, ஏழு மடங்குல வர்ற ஓசைங்க, சேர்ந்து வரும், அதுதான் அந்த பழைய போன் "கீ கீ" தன்மை. அஞ்சாவது ஆக்டேவ் சி 523 ஹெர்ட்ஸ், அதோட மூணாவது 1569, அஞ்சாவது 2615, ஏழாவது 3661, எல்லாம் 4000க்குள்ள, அம்சமா கேக்கும். ஆறாவது ஆக்டேவ் போனா சி 1047, மூணாவது மட்டும்தான் தப்பிக்கும். ஏழாவது ஆக்டேவ்ல சி 2093, மூணாவதே 6279, வெளிய போயிருச்சு, அதனால அங்க ஸ்கொயர் போட்டாலும் சைன் போட்டாலும் ஒண்ணுதான், வெறும் விசில். அதனால ட்யூன் ஆறு ஏழுல எழுதியிருந்தா எல்லாத்தையும் ஒரு ஆக்டேவ் கீழ எறக்கி, அதாவது பர்சன்ட் நம்பர்ல 12 கழிச்சு போடுங்க. தூங்கறவனை எழுப்ப விசிலை விட இதுதான் லாயக்கு.

இங்க ஒரு பொறி இருக்கு. "எப்படியும் 8000ல தானே வேணும், நேரா 8000லயே சிந்த் பண்ணிருவோம்"னு தோணும். பண்ணாதீங்க. சாக்ஸ் பண்ற ஸ்கொயர் அலை 4000க்கு மேல போற ஹார்மோனிக்கைத் தானா வெட்டாது, அது மடிஞ்சு உள்ள வரும். மேல சொன்ன 6279 இருக்குல்ல, அது 8000ல இருந்து கழிஞ்சு 1721 ஹெர்ட்ஸா வந்து நிக்கும், ட்யூனுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு அபஸ்வரம், கிட்டத்தட்ட ஏ ஸ்வரம் ஆனா கொஞ்சம் எறங்கிப் போய். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒவ்வொரு அபஸ்வரம் இப்படி கூடவே வரும். ரேட் எதுவும் குடுக்காம விட்டா சாக்ஸ் 48,000ல பண்ணும், அதுல பண்ணி ஒட்டி முடிச்சப்புறம் ரேட் 8000 போட்டா எறக்கும்போது ஃபில்டர் ஆகி சுத்தமா வரும். ரெண்டையும் பண்ணி கேட்டுப் பாருங்க, வித்தியாசம் பளிச்சுனு தெரியும்.

நோக்கியா போன் கம்போஸர்ல விரல்ல தட்டி ஏத்துற ட்யூன் கோட் வேற மாதிரி எழுதியிருக்கும், அதுல ஆக்டேவ் 1, 2, 3ன்னு வரும். நடுவுல இருக்கறத அஞ்சுன்னு வெச்சு மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க, ட்யூன் மாறாது.

சீரீஸ் 5 வெச்சிருக்கறவங்களுக்கு

உங்களுக்கு டபிள்யூவிஈ இல்ல, சையான் ரெக்கார்ட் ஃபார்மட், சாக்ஸ்ல அதுக்கு பிஆர்சின்னு எக்ஸ்டென்ஷன் குடுத்தா எழுதும். பாம்னு இன்னொரு கம்பெனி கைக் கம்ப்யூட்டரோட ஆப் ஃபைலுக்கும் இதே எக்ஸ்டென்ஷன்தான், ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அதுலயும் ரேட் 8000, மோனோ, அதே ஏ-லா. ஏடிபிசிஎம்னு இன்னொரு ஆப்ஷன் இருக்கு, ஃபைல் பாதி சைஸ் ஆகும், ஆசைப்பட்டு போடாதீங்க. மெஷின் 800 சாம்பிளுக்கு மேல ஒரு ஃப்ரேமை ஏத்துக்காது, அதனால ஒவ்வொரு பத்துல ஒரு பங்கு செகண்டுக்கும் கோடெக் (சுருக்குனத விரிக்கற பகுதி) ரீசெட் ஆகி "டிக் டிக்"னு ஒரு தடங்கல் கேட்டுட்டே இருக்கும்.

சீரீஸ் 5 ஃபைல் எந்த வகைன்னு எக்ஸ்டென்ஷனைப் பாத்து முடிவு பண்ணாது, உள்ள இருக்கற ஐடியைப் பாத்துதான். அதனால மாத்தி முடிச்சப்புறம் எக்ஸ்டென்ஷனை எடுத்துட்டு அழகா ஒரு பேரு வெச்சுக்கலாம், அலாரம் லிஸ்ட்ல பாக்க நீட்டா இருக்கும். வைக்க வேண்டிய எடம் சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள அலாரம்ஸ் ஃபோல்டர். சிஸ்டம் ஃபோல்டர் சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது, ப்ரிஃபரன்ஸ்ல போய் காட்டுன்னு டிக் போடணும். இவங்களுக்கு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு இருக்கறது பெரிய வரம், கார்டு ரீடர்ல போட்டு காப்பி பண்ணி திருப்பி சொருகுனா வேலை முடிஞ்சுது. கார்டு ஃபேட்16ல ஃபார்மட் ஆகியிருக்கணும்.

3ஏக்குள்ள அனுப்பறது

இங்கதான் பொறுமை வேணும். 3ஏக்கு 3-லிங்க்னு ஒரு தனி கேபிள், அந்த கேபிளுக்குள்ளயே சர்க்யூட் இருக்கும், வெறும் வயரை சோல்டர் பண்ணி நாமளா செஞ்சிர முடியாது. 3சி, 3எம்எக்ஸுக்கு வேற கேபிள். ரெண்டும் சீரியல், இப்ப இருக்கற லேப்டாப்புல சீரியல் போர்ட் எங்க இருக்கு, அதனால யுஎஸ்பி டு சீரியல் அடாப்டர் ஒண்ணு. எஃப்டிடிஐ சிப் போட்டது கொஞ்சம் காசு கூட, ஆனா தொல்லை இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல சல்லிசா கெடைக்கற பேரில்லாதத வாங்கிட்டு கனெக்ட் ஆகலையேன்னு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கறதுக்கு இது மேல்.

சாஃப்ட்வேர் விண்டோஸ்ல சைவின், லினக்ஸ்ல பிஎல்பிடூல்ஸ். கன்வெர்ட் பண்ணவான்னு எங்கயாவது கேட்டா வேணாம்னு சொல்லிருங்க, ஏற்கனவே சரியான ஃபார்மட்ல இருக்கு. 19,200 வேகத்துல செகண்டுக்கு 1920 பைட்டுக்கு மேல போகாது, 64 கேபி ஃபைல்னா அரை நிமிஷத்துக்கு மேல ஆகும், பாதில கேபிளை ஆட்டாதீங்க. ஃபைல் பேரு எட்டு எழுத்துக்குள்ள, பின்னாடி டபிள்யூவிஈ. வைக்க வேண்டிய எடம் டபிள்யூவிஈன்னே ஒரு ஃபோல்டர், இன்டர்னல் மெமரியா இருந்தாலும் சரி எஸ்எஸ்டியா இருந்தாலும் சரி. மெஷின்லயே ரெக்கார்ட் ஆப்ல ஏதாவது ஒண்ணு பேசி சேவ் பண்ணீங்கன்னா அது எங்க போய் விழுதோ அதே எடம்தான்.

எஸ்எஸ்டின்னதும் இப்ப இருக்கற எஸ்எஸ்டி இல்ல, 3ஏ பக்கவாட்டுல சொருகற சின்ன பிளாஸ்டிக் கார்டு. அதுல ரேம் வகை, ஃப்ளாஷ் வகைன்னு ரெண்டு. ஃப்ளாஷ் வகைல ஒரு ஃபைலை அழிச்சா அந்த எடம் திரும்பக் கெடைக்காது, முழுசா ஃபார்மட் பண்ணாதான் வரும். அதனால அஞ்சு வெர்ஷன் பண்ணி ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கறதெல்லாம் இன்டர்னல் மெமரில வெச்சுக்கோங்க, ஃபைனல் ஆனத மட்டும் ஃப்ளாஷுக்கு ஏத்துங்க.

பாம், விண்டோஸ் சிஈ

இதே வேலையை வேற மெஷின்ல பண்றவங்களுக்கு சுருக்கமா. பழைய பாம்ல, 2002ல ஓஎஸ் 5 வர்றதுக்கு முன்னாடி வந்ததுல, ரெக்கார்ட் பண்ண சத்தமே ஓடாது, அலாரம் எல்லாம் மிடிதான், அதுவும் ஃபார்மட் 0, ஒரு நேரத்துக்கு ஒரு ஸ்வரம். அதனால எம்பித்ரியை மறந்துருங்க, ஆர்டிடிடிஎல்லை மிடியா மாத்தி சிஸ்டம் மிடி டேட்டாபேஸ்ல சேக்கணும். போன்ல இருந்து வந்த பாலிஃபோனிக் மிடின்னா மெலடி இருக்கற ஒரே ஒரு சேனலை மட்டும் வெச்சுட்டு மிச்சத்தை எல்லாம் தூக்கிருங்க, இல்லன்னா கலந்து கட்டி கேக்கும். விண்டோஸ் சிஈ (மைக்ரோசாஃப்ட் சின்ன மெஷினுக்குன்னு பண்ண ஓஎஸ்) ஓடுற மெஷின், எச்பி ஜோர்னடா மாதிரி, சாதா பிசிஎம், அதாவது சுருக்காத வேவ் ஃபைலையே எடுத்துக்கும். 11,025ல எட்டு பிட் மோனோவா பண்ணி விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போட்டா அலாரம் லிஸ்ட்ல பேரு வந்துரும். ஆனா அதெல்லாம் ரேம்ல இருக்கு, பேட்டரி முழுசா செத்தா ரிங்டோனும் சேந்து போயிரும், கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி வெச்சுக்கோங்க.

பேட்டரின்னதும் சையானுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். 3ஏ, 5 ரெண்டுமே ரெண்டு ஏஏ செல். ஸ்பீக்கர் ஓடும்போது கரண்ட் கூட இழுக்கும், செல் வீக்கா இருந்தா சத்தம் சரியா வராது, ஃபைல்லதான் ஏதோ தப்புன்னு நெனச்சு திரும்பத் திரும்ப கன்வெர்ட் பண்ணிட்டு இருக்க வேண்டியது. ரீசார்ஜபிள் செல் 1.2 வோல்ட்தான், மீட்டர் ஆரம்பத்துலயே கொறவா காட்டும், அதுக்குப் பயப்பட வேணாம். டெஸ்ட் பண்ற அன்னைக்கு மட்டும் புது அல்கலைன் போட்டு ஒரு தடவ கேட்டு முடிவு பண்ணிக்கோங்க. செல் மாத்தறதுக்கு முன்னாடி பேக்கப் லித்தியம் செல் உயிரோட இருக்கான்னு பாத்துக்கணும், 3ஏக்கு சிஆர்1620, சீரீஸ் 5க்கு சிஆர்2032. அதுவும் செத்திருந்து ஏஏவையும் கழட்டுனீங்கன்னா டைரி, ரிங்டோன் எல்லாம் ஒரேயடியா போயிரும்.